தராசில் ஏறாத எடை

பால் வெட்டுகிறவர்களுக்கு நிறுவையைப் பற்றி நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தராசு பிசகினால் சம்பளம் குறையும். ஆனால், தராசில் ஏற்றவே முடியாத ஒன்றை எப்படி நிறுப்பது?

நமது சூரியன் பல கோடி விண்மீன்களோடு ஒரு விண்மீன் மண்டலத்தில் இருக்கிறது. அத்தகைய மண்டலங்கள் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் ஈர்ப்பால் கூடியிருப்பதை மண்டலக் கொத்து என்போம். கோமா என்னும் கொத்து சுமார் 30 கோடி ஒளியாண்டு தொலைவில் உள்ளது. 1933-இல் பிரிட்ஸ் சுவிக்கி என்ற அறிஞர் அதிலுள்ள மண்டலங்களின் வேகத்தை ஆராய்ந்தார். அவ்வளவு வேகமாக ஓடுகிறவற்றைப் பிடித்து வைக்க, கண்ணுக்குத் தெரியும் பொருளின் ஈர்ப்பு போதவே போதாது. கொத்து எப்போதோ சிதறியிருக்க வேண்டும். ஆகவே, காணாத பொருள் அங்கே நிறைந்திருக்கிறது என்றார் அவர். இன்று அதைக் கரும்பொருள் என்கிறோம்.

வேகத்தைக் கொண்டு எடை காணும் வழி இது. இதில் ஒரு தொல்லை உண்டு. கொத்துக்கு முன்னாலோ பின்னாலோ இருக்கும் மண்டலமும் கொத்தைச் சேர்ந்தது போலவே நமக்குத் தெரியும். தைப்பூசக் கூட்டத்தைத் தூரத்திலிருந்து எண்ணுகிறவர் வழிப்போக்கரையும் சேர்த்து எண்ணிவிடுவது போலத்தான். கொத்துகளின் எடை பிசகினால், பேரண்டத்தில் மொத்தம் எவ்வளவு பொருள் என்ற கணக்கும் பிசகும்.

இதற்காகவே கணினிக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறார்கள். முதலில் கணினிக்குள்ளேயே ஒரு செயற்கை அண்டத்தை உண்டாக்குகிறார்கள். அதிலுள்ள கொத்துகளின் எடை முன்பே தெரியும். வழிப்போக்கு மண்டலங்களையும் கலந்தே அவற்றைக் காட்டி, ‘இது இவ்வளவு, அது அவ்வளவு’ என்று பழக்குகிறார்கள். பழகிய கணினி புதிய கொத்தின் எடையைத் தானே மதிப்பிடுகிறது. 2022-இல் கோமாவையே இவ்வாறு மதிப்பிட்டார்கள். நம் சூரியனைப் போல் ஆயிரம் இலட்சம் கோடி மடங்கையும் தாண்டியது. பிற வழிகளில் கண்ட எடைகளோடு அது ஒத்தும் இருந்தது.

செயற்கை அண்டத்தில் படித்த பாடம் மெய்யான வானத்துக்குப் பொருந்துமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அந்த அண்டத்தில் பிழை இருந்தால் கணினியும் அப்பிழையையே கற்கும். அதனால் கணினி எதைப் பார்த்துச் சொல்கிறது என்றும் சோதிக்கிறார்கள். 2019-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், செயற்கைக் கொத்துகளின் எக்ஸ்-கதிர்ப் படங்களைக் காட்டிக் கணினியைப் பழக்கினார்கள். கொத்தின் நடுப்பகுதியை அது பொருட்படுத்தவில்லை. அங்குதான் ஒளி மிகுதி. ஆனால், அந்த ஒளி எடையைச் சரியாகக் காட்டாது என்பது வானியலார் ஏற்கெனவே அறிந்த செய்தி. யாரும் சொல்லாமலே கணினி அதைக் கண்டுகொண்டது.