மூன்றாம் படிவத்தில் கைக்கு வரும் பாரம்

கிள்ளானில் பதினைந்து வயதுப் பிள்ளையிடம் என்ன ஆகப்போகிறாய் என்று கேளுங்கள். டாக்டர், வக்கீல், இன்ஜினியர் என்று சட்டென்று பதில் வரும். எந்த வழியாகப் போவாய் என்று அடுத்துக் கேட்டால், பிள்ளை அம்மாவின் முகத்தைப் பார்க்கும்.

உலகெங்கும் இதே நிலைதான். 30 வயதில் என்ன வேலையில் இருப்பீர்கள் என்று 15 வயது மாணவர்களிடம் 2018 பீசா (PISA) ஆய்வு கேட்டது. 41 நாடுகளில், ஆண்பிள்ளைகளில் 47 விழுக்காட்டினரும் பெண்பிள்ளைகளில் 53 விழுக்காட்டினரும் பத்தே வேலைகளுக்குள் நின்றுவிட்டார்கள். கண்ணில் பட்ட வேலைக்குத்தானே பிள்ளை ஆசைப்படும்?

மலேசியத் தமிழர்களான நம் வீடுகளில் இன்னொரு காரணமும் உண்டு. இன்று புத்ராஜெயா இருக்கும் இடம் ஒரு காலத்தில் பெராங் பெசார் தோட்டம். அப்படித் தோட்டங்கள் நகரங்களானபோது, பால்மரம் வெட்டிய குடும்பங்கள் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கு வந்து சேர்ந்தன. பல்கலைக்கழக வாசலை மிதித்தவர் எவரும் அந்தப் பல வீடுகளில் இல்லை. 1982-இல் டாக்டர் தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் கல்வி நிலையத்தில் பல்கலைக்கழக மாணவர்கள் வந்து அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார்கள். அங்கே சொல்லித்தந்த கணக்கைவிட, 'நம்ம அண்ணன் ஒருத்தர் பல்கலைக்கழகத்தில் படிக்கிறார்' என்று பிள்ளைகள் நேரில் கண்டதுதான் பெரிது என்பேன்.

ஆனால் ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். தேர்வு முடிந்தபின், பல்கலைக்கழகத்துக்கு முந்திய மெட்ரிகுலேஷன் இடங்களில் 90 விழுக்காடு பூமிபுத்ராக்களுக்கு, 10 விழுக்காடு மற்றவர்களுக்கு. நன்றாகப் படித்த பக்கத்து வீட்டு அக்காவுக்கு இடம் கிடைக்காததைப் பார்க்கும் தம்பி தன் ஆசையைச் சத்தமில்லாமல் சுருக்கிக்கொள்கிறான். 10ஏ எடுத்தால் எந்த இனத்தவருக்கும் இடம் உறுதி என்று 2024 ஜூன் மாதத்தில் பிரதமர் அன்வார் அறிவித்தது நல்ல செய்தி. ஆனால் 7ஏ, 8ஏ எடுத்த பிள்ளைக்கு? ஆறாம் படிவத்தின் எஸ்.டி.பி.எம். இருக்கிறது. மூன்று பருவம், ஒன்றரை ஆண்டு, செலவும் குறைவு. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் அதை ஏற்கின்றன. ஆறாம் படிவத்தை இரண்டாந்தரமாக நினைப்பது நம் தவறு.

ஆனால் முதல் கதவு அதற்கு முன்பே வந்துவிடுகிறது. நான்காம் படிவத்துக்கு எந்தப் பாடங்கள் என்று பள்ளி ஒரு பாரம் தரும். கூட்டாளி எடுத்ததையே எடுப்பவர்கள் உண்டு. கஷ்டம் என்று கூடுதல் கணிதத்தை விடுபவர்கள் உண்டு. அதையும் இயற்பியலையும் விட்ட பிள்ளைக்குப் பொறியியல் பெரும்பாலும் அங்கேயே முடிந்துபோகிறது.

உங்கள் பிள்ளை மூன்றாம் படிவத்தில் இருந்தால், அந்தப் பாரத்தில் கையெழுத்துப் போடுமுன் ஒருநாள் பிள்ளையோடு உட்கார்ந்து படியுங்கள். புரியாவிட்டால் பள்ளி ஆலோசக ஆசிரியரை நேரில் போய்க் கேளுங்கள்.