பக்கத்துக்குள் ஒரு முகவரி

திருக்குறளில் ஒரு பாடலைச் சுட்ட விரும்புவோர் பக்க எண்ணைக் கூறுவதில்லை. குறள் எண்ணையே கூறுவர். பக்கம் பதிப்புக்குப் பதிப்பு மாறும். பரிமேலழகரின் வைப்புமுறையைத் தழுவிய குறள் எண்ணோ பெரும்பாலான பதிப்புகளுக்கும் பொதுவானது. வலைப்பக்கத்தில் இத்தகைய பணியைச் செய்வது ‘நங்கூரம்’ ஆகும்.

நங்கூரமும் துணுக்கும்

பக்கத்தின் ஒரு பகுதிக்கு இடப்படும் அடையாளப் பெயரே நங்கூரம். இணைய முகவரியின் இறுதியில் # குறியிட்டு அப்பெயரை எழுதினால், உலாவி பக்கத்தைத் திறந்து அப்பகுதியில் நிறுத்தும். # குறியைத் தொடர்ந்து வருவது ‘முகவரித் துணுக்கு’ எனப்படும். இது சேவையகத்துக்கு அனுப்பப்படுவதில்லை. சேவையகம் பக்கத்தை அளிக்கிறது. அதற்குள் இடத்தைத் தேடுவது உலாவியின் வேலை.

இதில் ஓர் இடர் உண்டு. நங்கூரம் அகப்படாவிட்டால் பிழைச்செய்தி எதுவும் தோன்றாது. பக்கம் தொடக்கத்திலேயே நிற்கும். தேடி வந்தவர், தமக்குரிய செய்தி அங்கே இல்லை என்றே எண்ணிவிடக்கூடும்.

எழுத்தும் பொருத்தமும்

திருவண்ணாமலை மாவட்ட வட்டங்களைப் பற்றிய பக்கமொன்றை நாம் அமைப்பதாகக் கொள்வோம். ‘கீழ்பென்னாத்தூர்’ என நங்கூரம் இட்டுள்ளோம். அவ்வூர்ப்பெயரைக் ‘கீழ்பெண்ணாத்தூர்’ என எழுதுவாரும் உளர். அவ்வாறு எழுதி அமைத்த இணைப்பு இடம் சேராது. நமக்கு ஓரூர், கணினிக்கு இரு பெயர்கள். கண்ணுக்குப் புலப்படாத வேறுபாடும் உண்டு. ‘சொ’ என்பதிலுள்ள உயிர்க்குறியை ஒருங்குறியில் ஒரே குறியீடாகவும் எழுதலாம். கொம்பு, கால் என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே, உலாவிக்கு வெவ்வேறு.

பெயர் மாற்றத்தின் விளைவு

2003இல் தொடங்கப்பட்ட தமிழ் விக்கிப்பீடியாவில் உட்தலைப்புகள் தாமாகவே நங்கூரங்களாகின்றன. ‘வரலாறு’ என்னும் தலைப்பை ஒருவர் ‘ஊர் வரலாறு’ எனத் திருத்தினால், பழைய பெயரை நம்பிப் பிறர் அமைத்த இணைப்புகள் அவரறியாமலே பயனிழக்கும்.

செய்யத்தக்கவை

நங்கூரத்துக்குச் சுருக்கமான, நிலையான பெயரிடுதல் வேண்டும். தலைப்பை மாற்ற நேரின், பழைய பெயரையும் கூடுதல் நங்கூரமாக நிலைநிறுத்தல் நன்று. உள்ளடக்கம் சற்றுப் பிந்தி வந்து சேரும் வலைச்செயலிகளில், அது வந்தபின் துணுக்குக்குரிய இடத்தை மீண்டும் தேடச் செய்தல் வேண்டும்.

ஒரு பெயரை இட்டவர் ஒருவர். அதனை நம்பி வருவோர் பலர். அவர்களுள் எவரும் வழிதவறாதவாறு காப்பது பெயரிட்டவரின் கடமையாகும்.