நாட்டுடைமை நூலும் கருத்துத்திருட்டும்: மாணவர் அறிய வேண்டிய வேறுபாடு

முன்னுரை

நாட்டுடைமையாக்கப்பட்ட நூலைத் தடையின்றி எடுத்தாளலாம் என்னும் எண்ணம் தமிழ் பயிலும் மாணவரிடையே உள்ளது. அது சரியே. ஆனால் எடுத்த இடத்தைச் சுட்டாமல் விடலாம் என்பது அதிலிருந்து பெறப்படுவதன்று. பதிப்புரிமை மீறலையும் கருத்துத்திருட்டையும் ஒன்றெனக் கொள்வதே இம்மயக்கத்திற்குக் காரணம்.

உரிமைக்காலமும் உரைவிளக்கமும்

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, ஆசிரியர் வாழ்நாளில் வெளியான நூலின் உரிமை அவர் மறைந்த ஆண்டிற்குப் பின் 60 ஆண்டுகள் நீடிக்கும். உ.வே.சாமிநாதையர் குறுந்தொகையைத் தம் உரையுடன் 1937இல் பதிப்பித்தார், 1942இல் மறைந்தார். எனவே அவ்வுரைக்கான உரிமைக்காலம் 2002இன் இறுதியில் முடிந்தது. இன்று அதனை எவரும் இசைவு பெறாமலே அச்சிடலாம். எனினும், அவ்வுரையின் விளக்கமொன்றைத் தமதுபோல் ஆய்வேட்டில் எழுதுபவர் செய்வது கருத்துத்திருட்டே.

இதற்கு மறுதலையான நிலையும் உண்டு. வாழும் எழுத்தாளர் ஒருவரின் சிறுகதையை முழுமையாகப் பின்னிணைப்பில் சேர்த்து, பெயரையும் பக்க எண்ணையும் பிழையறத் தருபவர் எதையும் திருடவில்லை. ஆயினும் அவ்வாய்வேட்டை இசைவின்றி நூலாக்கினால் பதிப்புரிமையை மீறியவர் ஆகலாம். ஆய்வுக்கும் திறனாய்வுக்கும் நியாயமான அளவில் எடுத்தாள்வதைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு ஏற்கிறது; முழுக் கதையும் அவ்வளவிற்குள் அடங்குவது அரிது.

மென்பொருள் காணாதவை

பல்கலைக்கழக மானியக்குழுவின் 2018ஆம் ஆண்டு நெறிமுறைகள் ஆய்வேட்டில் 10 விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை விதிப்பதில்லை. 40 விழுக்காடு வரை எனில் ஆறு மாதங்களுக்குள் திருத்தி அளிக்க வேண்டும். 60 வரை எனில் ஓராண்டுக்குத் திருத்திய ஆய்வேட்டை அளிக்க இயலாது. அதற்கு மேற்பட்டால் பதிவே நீக்கப்படும். இவ்வெண்களை மாணவர் நன்கறிவர். 'பத்துக்குள் வந்துவிட்டது' என்பதே பலருக்கு நேர்மைக்கான சான்றாகிவிட்டது.

தமிழைப் பொறுத்தவரை இச்சான்று வலுவற்றது. பட உருவில் மட்டும் உள்ள பழைய நூல்களையும், ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களில் அமைந்த கோப்புகளையும் மென்பொருள் ஒப்பிடுவது கடினம். ஆங்கில நூலிலிருந்து பெயர்த்தெழுதிய பத்தியும் எளிதில் தப்பிவிடும். இவற்றினும் நுட்பமானது இரவல் மேற்கோள். தொல்காப்பிய நூற்பாவையோ உரையாசிரியர் கூற்றையோ மற்றொருவர் கட்டுரையில் கண்டு, மூலநூலையே பார்த்ததுபோல் அடிக்குறிப்பிடும் வழக்கம் ஆய்வேடுகளில் புதிதன்று. முன்னவரின் பக்க எண் பிழையும் உடன் வந்து சேர்வதால்தான் பெரும்பாலும் இது வெளிப்படுகிறது. 'மேற்கோள், இன்னார் கட்டுரை' எனக் குறிப்பதில் இழுக்கில்லை என்பதை இளங்கலை வகுப்பிலேயே கற்பித்தல் வேண்டும்.

மென்பொருளைக் கடந்து பட்டம் பெற்றுவிட்டதால் சிக்கல் தீர்ந்துவிடுவதும் இல்லை. ஆய்வேடுகள் சோத்கங்கா தளத்தில் எவரும் படிக்கும் நிலையில் உள்ளன. பட்டம் வழங்கிய பின் கருத்துத்திருட்டு மெய்ப்பிக்கப்படினும், அப்பட்டத்தைக் குறிப்பிட்ட காலத்திற்கு நிறுத்திவைக்க அதே நெறிமுறைகள் இடமளிக்கின்றன.