கோயிலைப் பார்க்கிறார்கள், காட்டைப் பார்ப்பதில்லை

ஜப்பானியக் கலையும் கட்டடமும் படிக்கப் போகும் மாணவர் குழுக்களின் பயணத் திட்டம் அநேகமாக ஒரே அச்சு. டோக்கியோவில் கென்சோ டாங்கேயின் யோயோகி விளையாட்டரங்கம், கியோட்டோவில் தங்கக் கோயிலும் ரியோஆன்ஜியின் கல் தோட்டமும், நாவோஷிமா தீவில் தடாவோ ஆண்டோவின் அருங்காட்சியகங்கள். நாராவுக்கு அரை நாள், அதிலும் பாதி மான்களோடு செல்ஃபி எடுப்பதில் கரைந்துவிடும்.

இருப்பதே இரண்டு மூன்று வாரம் என்றால், பெரும்பகுதியை நாராவுக்கே கொடுப்பது நல்லது. யாகுஷிஜி கோயிலின் கிழக்குக் கோபுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 730-ஆம் ஆண்டு கட்டியது. கூரைகளை எண்ணினால் ஆறு வரும், அடுக்குகளோ மூன்றுதான். ஒன்றுவிட்டு ஒன்றாக வரும் சின்னக் கூரைகள் சுவரைச் சுற்றிய வெறும் தாழ்வாரம். பென்சிலோடு உட்கார்ந்து குறுக்குவெட்டு வரைந்து பார்ப்பவருக்குத்தான் இது பிடிபடும்.

எதிரே மேற்குக் கோபுரம். 1528-இல் எரிந்து, 1981-இல்தான் மறுபடி எழுந்தது. பொறுப்பேற்றவர் ஹோர்யூஜி கோயில் தச்சர் பரம்பரையில் வந்த நிஷியோகா சுனெகாசு. பழைய கோபுரத்தைவிடப் புதியதைச் சற்று உயரமாகவே நிறுத்தினார். மரம் சுருங்கி, பாரம் இறங்கி, சில நூற்றாண்டுகளில் இரண்டும் ஒரே மட்டத்துக்கு வரும் என்பது அவர் போட்ட கணக்கு.

நவீனக் கட்டடம் படிக்க வந்தவருக்குப் பழைய மரவேலை எதற்கு, ஆண்டோவின் கான்கிரீட் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்கட்டும். அந்தக் கான்கிரீட்டின் வழவழப்பும் சென்ட்ரிங் பலகை அடித்த தச்சர்களின் கைவேலைதான்.

என் கவலை வேறு. அந்த மேற்குக் கோபுரத்துக்கு மரம் தைவானிலிருந்து வந்தது. அவ்வளவு பருத்த ஹினோக்கி (ஜப்பானிய சைப்ரஸ்) மரங்கள் ஜப்பானில் கிடைக்கவில்லை. பிறகு தைவானும் இயற்கைக் காட்டில் வெட்டுவதை நிறுத்திவிட்டது. ஹோர்யூஜி மரத்தூண்கள் 1300 ஆண்டுகள் நின்றது எப்படி என்று வகுப்பில் படிக்கிறோம். அடுத்த பெரிய பழுதுபார்ப்புக்கு அந்த அளவு மரம் எங்கே என்று கேட்பாரில்லை.

இசே ஆலயத்தார் கேட்டார்கள். 20 ஆண்டுக்கு ஒருமுறை ஆலயத்தையே புதிதாகக் கட்டும் வழக்கம் அங்கே; கடைசியாக 2013, அடுத்தது 2033. ஒவ்வொரு முறையும் சுமார் 10,000 ஹினோக்கி மரங்கள் வேண்டும். அதனால் 200 ஆண்டுக் கணக்கு வைத்து 1923 முதலே சொந்தக் காட்டில் நட்டு வளர்க்கிறார்கள். 2013-இல் ஒரு பங்கு மரம் அங்கிருந்தே கிடைத்தது. மற்ற பழங்கோயில்களுக்கு அப்படிக் காடு ஏது?

கிசோ மலைக்காட்டில் ஒரு மரத்தைத் திருட்டுத்தனமாக வெட்டினால் ஒரு தலை போகும் என்று எடோ காலத்தில் சட்டம் கடுமையாக இருந்தது. அப்படித் தப்பிய காட்டில், அகாசாவாவில், 300 வயது ஹினோக்கிகள் இன்றும் நிற்கின்றன. நாகோயாவிலிருந்து ஒரு நாளில் போய்த் திரும்பலாம். டோக்கியோவில் ஷாப்பிங்குக்கு விட்டிருக்கும் நாளை இதற்கு மாற்றினால் பயணச் செலவும் பெரிதாக ஏறாது.