இரட்டை அச்சு டிரெய்லரும் அதன் கமான் பட்டைகளும்

கோடையில் கண்மாய் வண்டல் அடிப்பதற்கும், பருவத்தில் கரும்பு ஏற்றுவதற்கும் புதுக்கோட்டை ஜில்லாவின் செம்புரைப் பாதைகளில் செல்லும் டிராக்டர் டிரெய்லர்கள் பல. எஞ்சினைக் கவனிக்கும் குடியானவர் பலர் டிரெய்லரின் அடியைக் குனிந்து பார்ப்பதில்லை. பாரத்தைத் தாங்குவதோ அங்குள்ள கமான் பட்டைகளேயாம்.

முன்னாளில் மிராசுதார்கள் ஏறிச் சென்ற வில்வண்டியை நினைவுகூர்ந்தால் விஷயம் எளிதில் விளங்கும். இங்கிலாந்தில் ஒபதையா எலியட் என்பவர் 1804-இல் நீள்வட்ட வில்லுக்குக் காப்புரிமை பெற்றார். டிரெய்லரில் இருப்பதும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. நீளமான பட்டை ஒன்றும், அதனோடு வரவரக் குறுகிய பட்டைகளும் அடுக்கப்பட்டு, நடுவில் ஒரு போல்ட்டினால் கோக்கப்பட்டு, யூ போல்ட்டுகளால் அச்சோடு இறுக்கப்படுகின்றன. பாரம் ஏறும்போது வளைவு நிமிர்வதால், ஒரு முனையை நிலையாக மாட்டி மறுமுனைக்கு அசைய இடம் விடுவர். பட்டைகள் ஒன்றோடொன்று உராய்வதனால் குதிப்பும் விரைவில் அடங்கும்.

ஓரச்சு வண்டிக்கு இவ்வளவே போதும். இரண்டு அச்சுகள் அருகருகே இருக்குமாயின் ஒரு சங்கடம் உண்டு. முன்சக்கரம் வரப்பேறும்போது பின்சக்கரம் பாரமின்றி நிற்க, பெரும்பாரம் முன்னச்சின்மேல் விழும். இதைத் தவிர்க்கவே இரு கமான்களுக்கும் நடுவில், சட்டத்தில் மாட்டிய ஊசியின்மேல் ஆடும் சமன்கட்டை ஒன்று உளது. ஏற்றத்தின் துலா எவ்வாறு ஆடுமோ அவ்வாறே இதுவும் ஆடும். முன்கமானின் பின்முனை அதன் ஒருபுறத்திலும், பின்கமானின் முன்முனை மறுபுறத்திலும் சேரும். முன்சக்கரம் மேடேறினால் கட்டையின் முன்புறம் உயர்ந்து, பின்புறம் தாழ்ந்து, பின்சக்கரத்தைத் தரையில் அழுத்தும். இருபுறமும் சம நீளமாயின் பாரமும் சமமாகப் பங்கிடப்படும். முன்னச்சு 10 சென்டிமீட்டர் ஏறினால் சட்டம் சுமார் 5 சென்டிமீட்டரே உயரும். சில வண்டிகளில் இக்கட்டையே இராது. விலை பேசுமுன் பார்த்துக் கொள்க.

இனிப் பாரத்தின் கணக்கு. வண்டல் எடுக்க அனுமதியளிக்கும் அதிகாரம் 2024-இல் வட்டாட்சியர்களுக்கு வழங்கப்பட்டபின் அவ்வேலை எளிதாயிற்று. ஆனால் 10 அடி நீளமும் 6 அடி அகலமும் 2 அடி உயரமும் உள்ள பெட்டி 120 கன அடி கொள்ளும். ஈர வண்டல் கன அடிக்கு ஏறத்தாழ 45 கிலோ ஆதலின், மட்டமாக நிரப்பினாலே 5,400 கிலோ! 3 டன்னுக்குச் செய்த வண்டியானால் பாதி உயரமே அளவு. பட்டை முறிகிறதென்று மேலும் இரண்டு பட்டை செருகுவோர் உளர். அதனால் பட்டை தப்பலாம்; அதிர்ச்சி முழுவதும் அச்சுக்கும், டயருக்கும், கொக்கிக்கும் போய்ச் சேரும். கண்மாய்க் கரையின்மேல் அச்சு முறிந்தால் வண்டி எப்பக்கம் சாயும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

இரட்டை அச்சு வண்டியை ஒடுக்கமான இடத்தில் திருப்புதலும் தகாது. சக்கரங்கள் பக்கவாட்டில் இழுபட்டு டயர் தேய்வதோடு, கமான் புஷ்களும் தளரும். இழுவைக்கட்டை சமமட்டமாக இராவிடில் சமன்கட்டை ஆட இடமின்றி ஒருபுறம் முட்டி நிற்கும். கொக்கியின் உயரத்தை இதற்கேற்பத் திருத்துக.

புதிய யூ போல்ட்டுகளை முதற்சில நடைகளுக்குப்பின் மீண்டும் முடுக்குதல் அவசியம். நடுப்போல்ட் அறுந்தால் அச்சு மெல்ல நகரும். டயர் ஓரம் தேய்வது அதன் அறிகுறி. கொக்கித் துளையிலிருந்து அச்சின் இருமுனைகளுக்கும் கயிறு பிடித்து அளந்தால், இரு அளவும் ஒன்றாயிருத்தல் வேண்டும்.