உங்களுக்குத் தெரியுமா? இங்கிலாந்தின் காசும் கள்ளக் காசும்

★ 8ஆம் நூற்றாண்டில் மெர்சியா நாட்டை ஆண்ட கிறிஸ்தவ மன்னர் ஆஃபாவின் தங்கக் காசு ஒன்றில் இஸ்லாமிய நம்பிக்கை வாசகம் அரபியில் இருக்கிறது! கலீஃபா அல்-மன்சூரின் தினாரைப் பார்த்து அப்படியே அடித்த காசு அது. நடுவே லத்தீனில் மன்னர் பெயர். அரபு வரிகளை நேராகப் பிடித்தால் மன்னர் தலைகீழாக நிற்பார். அச்சு வெட்டியவருக்கு அரபு தெரியாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? காசு இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில்.

★ ஒரு பவுண்டு எடை வெள்ளிக்கு 240 பென்னி என்பது பழைய கணக்கு. வெள்ளி போன பிறகும் அந்த 240 மட்டும் 1971 வரை போகவில்லை.

★ 1124 கிறிஸ்துமஸ் சமயம். காசில் வெள்ளி குறைகிறது என்று முதலாம் ஹென்றிக்குப் புகார் போனது. நாடெங்கும் காசு அடிப்பவர்களை வின்செஸ்டருக்கு வரவழைத்து வலது கையை வெட்டினார்கள், ஆண்மையையும் நீக்கினார்கள். பன்னிரண்டு நாளுக்குள் வேலை முடிந்ததாம்.

★ குடிமக்கள் செய்தால் கை போகும், மன்னரே செய்தால்? 1544 முதல் எட்டாம் ஹென்றி வெள்ளிக் காசில் செம்பைக் கலந்துகொண்டே போனார். கடைசியில் மூன்றில் ஒரு பங்குதான் வெள்ளி. காசில் மன்னரின் முகம் நேராகப் பார்க்கும். மூக்கு கொஞ்சம் எடுப்பாக இருக்கும். புழங்கப் புழங்க முதலில் தேய்ந்தது மூக்குதான், உள்ளே செம்பு பல்லிளித்தது. 'செம்பு மூக்கர்' என்று ஊரே பெயர் வைத்துவிட்டது.

★ சுத்தியலால் அடித்த காசின் விளிம்பு ஒழுங்காக இராது. ஓரத்தைச் சீவி எடுத்தாலும் சட்டென்று தெரியாது. 1561இல் எலாய் மெஸ்ட்ரெல் என்ற பிரெஞ்சுக்காரர் லண்டன் டவர் நாணயச்சாலையில் இயந்திரத்தால் அழகான காசு அடித்துக் காட்டினார். சுத்தியல்காரர்கள் விடுவார்களா? இயந்திரம் ஓரங்கட்டப்பட்டது. 1578இல் கள்ளக் காசு வழக்கில் அவரையே தூக்கிலிட்டார்கள். இயந்திரம் நிலையாக வந்தது 1662இல். பெரிய காசுகளின் விளிம்பில் எழுத்துப் பொறிப்பதும் அப்போதுதான் வந்தது.

★ ஐசக் நியூட்டன் 1696இல் நாணயச்சாலை அதிகாரியானார். சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்கலாம் என்று பலர் நினைத்த பதவி. அவரோ கள்ளக் காசுக்காரர்களைப் பிடிக்கச் சாட்சிகளை நூற்றுக்கும் மேல் விசாரித்தார், மதுக்கடைகளில் உளவு பார்க்கக் காசு செலவழித்தார். முக்கியமாக அகப்பட்டவன் வில்லியம் சாலோனர். நாணயச்சாலையில் ஊழல் என்று பாராளுமன்றத்திலேயே புகார் சொன்ன துணிச்சல்காரன். உள்ளே விட்டால் திருத்திக் காட்டுவதாகவும் சொன்னான்! கள்ளக் காசு அடிப்பது அன்று ராஜதுரோகம். உயிர்ப்பிச்சை கேட்டு நியூட்டனுக்கே கடிதம் எழுதினான். பலிக்கவில்லை. 1699 மார்ச்சில் தூக்கு.

★ 1717இல் தங்க கினிக்கு 21 ஷில்லிங் என விலை வைத்தார்கள். தங்கத்துக்கு அது கூடுதல் விலை. விளைவு, வெள்ளி கப்பலேறி இந்தியாவுக்கும் சீனாவுக்கும் போய்க்கொண்டே இருந்தது. 1817இல் வந்த தங்க சாவரின் பின்னாளில் நம் பக்கமே வந்தது: 1918இல் பம்பாயில் ஏறக்குறைய 13 லட்சம் அடித்தார்கள். எடை 8 கிராமுக்கு ஒரு துளி குறைவு. நகைக்கடைப் பவுன் கணக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்லவும் வேண்டுமா!

★ புதுக் காசுகளை எடுத்து வைத்துப் பொற்கொல்லர் சங்கத்தார் சோதிக்கும் 'பிக்ஸ்' சோதனை 13ஆம் நூற்றாண்டிலிருந்து நடக்கிறது, இன்றும் உண்டு. 1710இல் நியூட்டன் அடித்த தங்கம் மாற்றுக் குறைவு என்று தீர்ப்பு வந்தது. மனிதர் கொதித்துப்போனார். ஒப்பிடுவதற்கென்று 1707இல் செய்த தங்கத் தகட்டின் மாற்றுதான் அதிகம் என்று வாதாடினார். தகட்டைத்தான் ஒதுக்கி வைத்தார்கள்.