எள்ளில் நுனி கிள்ளுதலும் இலைவழி உரமும்

எள் செடி ஓயாமல் பூக்கும். அடிக்காய் முற்றி வரும்போதும் நுனியில் புதுப் பூ விட்டுக்கொண்டே இருக்கும். கடைசியாக வரும் அந்தப் பூக்களின் காய்கள் பெரும்பாலும் பொக்காகவே போகும். அவை நிறையட்டும் என்று காத்திருந்தால் அடிக்காய் வெடித்து, நல்ல விதை மண்ணில் கொட்டிவிடும்.

நுனியைக் கிள்ளுவது இதனால்தான். நுனிமொட்டில் சுரக்கும் ஆக்சின் பக்கமொட்டுகளை அடக்கி வைக்கிறது. விதைத்து ஏறத்தாழ ஒரு மாதத்தில், பூக்கத் தொடங்கும் முன் நுனியைக் கிள்ளினால் அந்தத் தடை நீங்கிக் கிளைகள் வெடிக்கும். எள்ளில் காய் இலைக்கக்கத்தில் பிடிப்பதால், கிளை கூடினால் காய் பிடிக்கும் இடமும் கூடும். கிளைக்கும் ரகங்களுக்கே இது பொருந்தும். ஒற்றைத் தண்டாக வளரும் ரகத்தில் கிள்ளினால் காய்க்க வேண்டிய தண்டே குறைந்துபோகும். சீனாவில் பூப்பு முடியும் தறுவாயில் நுனியைக் கிள்ளுகிறார்கள். அங்கே நோக்கம் கிளையல்ல, இருக்கும் காய்களை நிறைப்பது.

கிளை பரவ இடம் வேண்டும். தமிழ்நாட்டில் 15ஆம் நாளில் செடிக்குச் செடி 15 செ.மீ., 30ஆம் நாளில் 30 செ.மீ. இருக்குமாறு கலைத்துவிடப் பரிந்துரைக்கிறார்கள். பிடுங்க மனம் வராமல் நெருக்கமாக விட்ட வயலில் கிள்ளுவதற்குக் கொடுக்கும் கூலி வீண்.

கேரளத்தின் கொல்லம், ஆலப்புழை, பத்தனம்திட்டை மாவட்டங்களில் பரந்திருக்கிறது ஓணாட்டுக்கரை. நெல் அறுத்த மணற்பாங்கான வயலில், மிஞ்சிய ஈரத்தை நம்பி அங்கே எள் விதைக்கிறார்கள். கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் காயங்குளம் ஆய்வு நிலையம் காயங்குளம்-1, திலக், திலதாரா, திலராணி ஆகிய ரகங்களைத் தந்தது. ஓணாட்டுக்கரை எள்ளுக்கு 2022இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இத்தகைய மண்ணில் சத்து தங்காது; ஈரம் வற்றினால் வேரும் உறிஞ்ச முடியாது. இலைவழித் தெளிப்பு கைகொடுப்பது இங்கேதான். 100 லிட்டர் நீருக்கு 1 முதல் 2 கிலோ டி.ஏ.பி.யை முதல் நாளே ஊறவைத்து, தெளிந்த நீரை மட்டும் வடித்து, பூக்கும்போது ஒரு முறையும் பத்துப் பதினைந்து நாள் கழித்து மறுமுறையும் தெளிக்கலாம். காலையில் தேனீக்கள் பூவுக்கு வரும் என்பதால் மாலையே ஏற்றது. காலையில் மலர்ந்த எள்பூவின் இதழ் மாலைக்குள் தானே விழும். அதைப் பூ உதிர்வு என்று எண்ணிப் பதற வேண்டியதில்லை. பூவெல்லாம் இலையாக மாறும் பூவிலை நோய்க்கு இந்தத் தெளிப்பு மருந்தாகாது. அதைப் பரப்பும் தத்துப்பூச்சியைத்தான் கட்டுப்படுத்த வேண்டும்.

அடியிலைகள் உதிர்ந்ததும், கீழிருந்து பத்தாவது காயைப் பிளந்து பார்க்க வேண்டும். கருப்பு ரகத்தில் விதை கறுத்திருந்தால், நுனியில் பூ இருந்தாலும் அறுத்துவிட வேண்டியதுதான்.